லோர்னா விக்ஸுக்கு ஓர் இரங்கல் இதழ்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பொருளாதார மந்தம் பிடித்த அந்த வருஷம், வேலை கிடைக்காத பையன்களுக்கும் குறைவில்லை, பத்திரிகை ஆசிரியர்களுக்கும் குறைவில்லை. பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆள்தான். லயனல் ஜாஸ்லோவும் அப்படி ஒரு ஆள். பத்தொன்பது வயது, ஒல்லி உடம்பு, குளிர் தொடங்கினால் விடாத இருமல், சட்டை தைக்கும் பட்டறையில் கூப்பிட்ட நாளைக்கு மட்டும் பொத்தான் வைக்கிற வேலை. கூப்பிடாத நாளெல்லாம் அவன் 'எதிர்காலத் தூதன்' என்ற விஞ்ஞானக் கதை ரசிகர் பத்திரிகையின் ஆசிரியர். அச்சகம், அம்மாவின் சமையலறை மேஜை.

இந்த வியாதி தொற்றிய விதத்தைச் சொல்லிவிட வேண்டும். மூலைக்கடையில் மாதாமாதம் மட்டக் காகிதத்தில் விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகள் வந்து தொங்கும். அட்டையில் பச்சை நிறப் பூதம் ஒன்று பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதை அம்மா கண்ணில் படாமல் வீட்டுக்குள் கொண்டுவருவது தனி வித்தை. ஆனால் நம் பையன்கள் முதலில் பிரிப்பது கதையை அல்ல, கடைசிப் பக்கங்களை. அங்கே பொடி எழுத்தில் வாசகர் கடிதங்கள் இருக்கும். எழுதியவரின் தெருவும் வீட்டு எண்ணும்கூட இருக்கும். செவ்வாயில் காற்று உண்டு என்று ஒருவன் எழுதினால், இன்னொருவன் அவன் வீட்டுக்கே கடிதம் போட்டுத் திட்டலாம். இப்படித் திட்டித் திட்டியே நாடு முழுக்க நட்பு வளர்ந்தது.

லயனலுக்கு ஜூலியஸ் பெக்மன் கிடைத்ததும் அப்படித்தான். யாரோ ஒரு அதிகப்பிரசங்கியின் கடிதத்தைப் பத்திரிகையில் படித்துவிட்டு, பதிலடி கொடுக்க விலாசத்தைப் பார்த்தால் அது அடுத்த தெரு. இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒரே ரொட்டிக் கடை வரிசையில் முன்னும் பின்னும் நின்றிருக்கிறார்கள். முகம் தெரியும், பெயர் தெரியாது. அறிமுகம் செய்துவைக்க நியூயார்க்கில் அச்சான பத்திரிகை வர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் பிரிந்ததே இல்லை. ஃபேர்மவுண்ட் பூங்காவில் நடந்துகொண்டே சந்திரனில் வீடு கட்டுவார்கள், இடிப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். மூன்று பேரைப் பிடித்துச் சேர்த்து ஐந்து பேராகச் சங்கம் ஆரம்பித்தார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், ஆசிரியர் என்று பதவிகளைப் பிரித்துக்கொண்டதில் ஐந்தாவது ஆளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் முகம் வாடியதைப் பார்த்து அவனைக் கிரகாந்தர உறவுகளின் இயக்குநர் ஆக்கினார்கள்.

பத்திரிகை அச்சானது ஜெல்லியில். ஜெலட்டினும் கிளிசரினும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவைப்பார்கள். அதற்கென்றே உள்ள ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினால், எழுத்தெல்லாம் ஜெல்லியில் இறங்கிவிடும். பிறகு வெற்றுத் தாளை ஒவ்வொன்றாக வைத்து உரித்தால் பிரதி. முதல் பிரதிகள் பளிச்சென்று இருக்கும். போகப் போக வெளிறி, கடைசிப் பிரதிக்காரர்கள் தாங்களே கற்பனை செய்து படித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் முடிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஜெல்லியைச் சும்மா விட வேண்டும். பழைய மை அடியில் போய்ப் படிய நேரம் பிடிக்கும். பொறுக்காமல் அடுத்த பக்கத்தை வைத்தால், பழைய எழுத்து புதிய எழுத்துக்குப் பின்னாலிருந்து ஆவி மாதிரி எட்டிப் பார்க்கும்.

தட்டு லயனலின் அம்மா வெள்ளிக்கிழமை கோழி வாட்டும் தட்டு. கிளிசரின் ஜூலியஸின் மாமா வைத்திருந்த மருந்துக்கடையிலிருந்து வந்தது. ஆசிரியர்களின் விரல் நுனிகள் எப்போதும் ஊதாவாக இருக்கும். டிராமில் முன்பின் தெரியாத இருவர் ஒருவர் கையை ஒருவர் பார்த்து உறவு கொண்டாடியதுண்டு. ஒரு வெள்ளிக்கிழமை கோழியும் ஊதாவாக வந்தது. அப்பா ரொட்டியை மட்டும் சாப்பிட்டார்.

நட்பு உடைந்ததும் இந்த ஜெல்லியால்தான். ஜூலியஸ் ஒரு கதை எழுதியிருந்தான். அதன் உச்சக்கட்டத்தில் சனிக்கிரகத்தின் கடைசி அரசி, சாகிற தறுவாயில், மனித குலத்தை மன்னிக்கிறாள். எழுதியபோது அவனே அழுதானாம். லயனலுக்கு அன்று தபாலைப் பிடிக்கிற அவசரம். முந்தைய பக்கத்தை எடுத்த கையோடு துடைத்துவிட்டு அரசியைக் கவிழ்த்துவிட்டான். உரித்துப் பார்த்தால், அரசியின் மன்னிப்புக்கு நடுவே பெரிய எழுத்தில், 'அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் அவரவர் நாற்காலியைக் கொண்டுவரவும்' என்று எட்டிப் பார்த்தது. லயனல் அதைப் பார்த்தான். பார்த்தும் தபாலில் சேர்த்துவிட்டான். பாஸ்டனிலிருந்து ஒருவர், இந்த வருஷத்தின் சிறந்த நகைச்சுவைக் கதை என்று பாராட்டி எழுதினார்.

"வேணும்னே செஞ்சிருக்கே," என்றான் ஜூலியஸ்.

"அவசரத்துல ஆயிப்போச்சுடா."

"என் அரசி சாகுற நேரத்துல நாற்காலி கேக்குறா. ஊரே சிரிக்குது."

மன்னிப்புக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். லயனலுக்குத்தான் நாக்கில் சனி. "நாற்காலி வந்ததுக்கு அப்புறம்தான்டா அந்தக் கதைல ஏதோ விஷயம் இருக்கு," என்றான்.

ஐந்து பேர் சங்கம் இரண்டானது. இரண்டு பிரிவும் தனித்தனியே கூடி, மற்றப் பிரிவை ஏகமனதாக நீக்கின. தட்டு லயனலிடம் நின்றது, கிளிசரின் ஜூலியஸோடு போனது. ஜூலியஸ் புதுத் தட்டு பிடித்து, 'உண்மையான எதிர்காலத் தூதன்' என்று பத்திரிகை தொடங்கினான். இரண்டு பத்திரிகையின் அட்டையிலும் ஒரே கொள்கை முழக்கம்தான் இருந்தது: நாளைய உலகில் எல்லைகள் இல்லை, மனித குலம் ஒரே குடும்பம்.

ரசிகர் பத்திரிகையை யாரும் வாங்குவதில்லை. நீ உன் பத்திரிகையை அனுப்பு, நான் என்னுடையதை அனுப்புகிறேன், அல்லது ஒரு கடிதமாவது எழுது, இதுதான் வழக்கம். ஆகையால் எத்தனை கடிதம் வந்தது என்பதில்தான் ஆசிரியரின் மானம் இருந்தது. 'உண்மையான' தூதனுக்குக் கடிதங்கள் கொட்டின. லயனலுக்குக் கிரகாந்தர இயக்குநர் மட்டும் எழுதினான், அதுவும் நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போவான். கடிதப் பகுதி காலியாக இருந்தால் பத்திரிகை செத்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது இதழில், வேறு வழி தெரியாமல், லயனல் லோர்னா விக்ஸைப் பெற்றெடுத்தான்.

மின்னசோட்டாவில் டுலூத் நகரம். பெரிய ஏரிக்கரை, பாதி வருஷம் பனி. அவ்வளவு தூரம் யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள். லயனலின் பெரியம்மா மகள் பெல்லா அங்கே வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். லோர்னாவுக்கு அவள் விலாசத்தையே கொடுத்தான். வருகிற கடிதங்களை இவனுக்குத் திருப்பிவிடவும், இவன் எழுதுகிற பதிலைத் தன் கையெழுத்தில் எழுதி அங்கிருந்தே தபாலில் சேர்க்கவும் பெல்லா ஒப்புக்கொண்டாள். "ஒரு பொண்ணைப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்கிறதை விட்டுட்டு, நீயே பொண்ணாயிட்டியா?" என்று மட்டும் கேட்டு எழுதினாள்.

சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, முதல் கடிதத்திலேயே லோர்னா ஆசிரியரை வறுத்தெடுத்தாள். ஆசிரியர் தலையங்கத்தைப் படித்துத் தான் இருமுறை தூங்கிப்போனதாகவும், டுலூத்தின் குளிரில் அது நல்ல போர்வை என்றும் எழுதினாள். ஊர் சிரித்தது. அடுத்த இதழுக்குக் கடிதங்கள் வந்தன, எல்லாம் லோர்னாவுக்கு. விஞ்ஞானக் கதை படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பதே நம் பையன்களுக்குச் செவ்வாயில் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தது.

லயனலுக்கு விசித்திரமான ஒரு விஷயம் பிடிபட்டது. தன் பெயரில் எழுத உட்கார்ந்தால் 'மனித குலத்தின் மகத்தான பயணம்' என்று விறைப்பாகத்தான் வரும். லோர்னா என்று எழுத உட்கார்ந்தால் கை தானாக ஓடும், கிண்டல் வரும், துக்கம்கூட வரும். அவள் எழுதியதெல்லாம் அவன் எழுதியதுதான். ஆனாலும் பாராட்டு டுலூத்துக்குப் போய்த்தான் திரும்பி வந்தது. அவளைப் பார்த்து அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு ஜூலியஸ் அவளுக்கு எழுத ஆரம்பித்தான்.

முதல் கடிதங்களில் லயனலைத் திட்டுவதுதான் வேலை. லயனல் அவற்றைப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, லோர்னாவாக ஆமாம் போட்டான். நாலைந்து கடிதத்துக்குப் பிறகு திட்டு குறைந்தது. பூங்காவில் நடந்ததைப் பற்றியும், சந்திரனில் கட்டிய வீட்டைப் பற்றியும் ஜூலியஸ் எழுதினான். அந்த வீட்டின் கூரையை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை என்றான். நவம்பரில் வந்த கடிதத்தில், 'அந்தக் கழுதைக்குக் குளிர்காலத்தில் இருமல் வரும், கவனிக்கமாட்டான், உங்களுக்கு எழுதும்போது அதைப் பற்றி ஏதாவது சொன்னானா?' என்று கேட்டிருந்தான்.

அதைப் படித்துவிட்டு லயனல் சமையலறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஜூலியஸ் வேண்டும். பத்திரிகை, கடிதம், மானம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது அதுதான். பேச வேறு ஆளே கிடையாது. கூரையை எங்கே வைப்பது என்று அவனுக்கும் யோசனை இருந்தது.

'நீங்களே அடுத்த தெருவுக்குப் போய் அவரைக் கேட்கக்கூடாதா?' என்று லோர்னா எழுதினாள். 'அவன்தான் முதலில் வர வேண்டும்' என்று பதில் வந்தது. லயனலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவனல்லவா முதலில் வர வேண்டும்? அடுத்த தெருவில் இருக்கிற இரண்டு பேர் டுலூத் வழியாகப் பேசிக்கொண்டே ஒரு வருஷத்தைக் கழித்தார்கள்.

கோடை முடிவில் விஷயம் கையை மீறியது. ஜூலியஸ் தன் பத்திரிகையில் 'இந்த ஆண்டின் சிறந்த ரசிகர்' தேர்தல் நடத்தினான். லோர்னா எல்லாரையும் ஓரம்கட்டி முதலிடம் பிடித்தாள். லயனலுக்கும், நியூவார்க்கில் இருந்த ஆர்ச்சி ஷ்லோஸ் என்ற ரசிகனின் நாய்க்கும் சமமான வாக்குகள். அக்டோபரில் பிலடெல்பியாவில் ரசிகர்கள் எல்லாரும் கூடுவது, சிறப்பு விருந்தினராக லோர்னாவைப் பேருந்தில் வரவழைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. அதே வாரம் பெல்லாவிடமிருந்து கடிதம் வந்தது: 'என் வீட்டுக்காரர் மேக்ஸ் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். வீட்டில் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஊரில் உள்ள ஆண்களெல்லாம் ஏன் எழுதுகிறார்கள் என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? இன்றோடு நிறுத்து.'

ஆகவே லோர்னா இறந்தாள். நிமோனியா. அவள் அண்ணன்காரனிடமிருந்து தகவல் வந்ததாக லயனல் தன் பத்திரிகையில் போட்டான். மூன்று வரிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் உட்கார்ந்து அதை எழுதி முடிக்க அவனுக்கு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. அதோடு தொல்லை விட்டது என்று நினைத்தான்.

தொல்லை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. வரவேற்புக்காக ஏற்பாடான கூட்டம் இரங்கல் கூட்டமாகி, ஜூலியஸின் மாமா மருந்துக்கடையின் பின்னறையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கூடியது. நியூயார்க்கிலிருந்தும் நியூவார்க்கிலிருந்தும் பேருந்தில் வந்து இறங்கினார்கள். எல்லார் கையிலும் கறுப்புப் பட்டி, எல்லார் விரலிலும் ஊதா. மருந்து மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு ஜூலியஸ் தலைமை தாங்கினான். கண் சிவந்திருந்தது. லயனல் கதவோரம் நின்றான்; நாற்காலி கொண்டுவரவில்லை.

ஆர்ச்சி ஷ்லோஸ் முதலில் எழுந்தான். நல்ல பருமன், நல்ல குரல்.

"நான் லோர்னாவை நேர்ல பாத்திருக்கேன்," என்றான்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"போன வருஷம் சிகாகோவுல. எங்க அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளும் வந்திருந்தா. ரெண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அவளுக்கு ஸ்ட்ராபெர்ரி. நீலக் கண்ணு."

"பழுப்புக் கண்ணுன்னு என்கிட்ட எழுதியிருந்தாளே," என்றான் நியூயார்க்காரன் ஒருவன்.

"வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும்," என்றான் ஆர்ச்சி.

லயனல் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். கண்ணின் நிறம் பற்றி அவன் எந்த நாளும் யோசித்ததே இல்லை. அடுத்து எழுந்தவனுக்கு அவள் ஒரு கைக்குட்டை அனுப்பியிருந்தாள். அதற்கடுத்தவனுக்கு அவள் கிட்டத்தட்ட வாக்குக் கொடுத்திருந்தாள். அவன் பெற்றெடுத்த பெண், அவனுக்குத் தெரியாமல் ஊரெல்லாம் சுற்றிவந்திருக்கிறாள்.

ஆர்ச்சி மறுபடி எழுந்தான். கையில் 'எதிர்காலத் தூதன்' கடைசிக்கு முந்தைய இதழ். "அவளோட கடைசிக் கடிதத்துக்கு இந்த ஆசிரியர் போட்ட பதிலைப் படிக்கிறேன், கேளுங்க. 'மிஸ் விக்ஸ் விண்வெளியை எங்களிடம் விட்டுவிட்டு ஸ்வெட்டர் பின்னப் போகலாம்.' இதைப் படிச்ச மூணாவது வாரம் அவ போயிட்டா."

"நிமோனியாவுலடா," என்றான் லயனல்.

"மனசு நொந்து கிடந்தா நிமோனியா சட்டுனு புடிச்சுக்கும். எங்க அத்தை நர்ஸு."

நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. கொலைகாரன் என்ற சொல் தெளிவாகவே காதில் விழுந்தது. லயனலுக்குக் காது சூடேறியது. உண்மையை உடைத்துவிடுவது என்று முன்னால் வந்தான். "நான் ஒண்ணு சொல்லணும். லோர்னாவைப் பத்தி. அவ..."

"ஒழுங்குப் பிரச்சினை," என்றான் ஆர்ச்சி. "அவளைப் பத்திப் பேச இவனுக்கு யோக்கியதை கிடையாதுன்னு தீர்மானம் கொண்டுவரேன்."

தீர்மானம் என்றால் நம் ஆட்களுக்கு உயிர். வழிமொழிந்தார்கள், கை தூக்கினார்கள், நிறைவேற்றினார்கள். ஜூலியஸ் மட்டும் கை தூக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லயனல் இருமிக்கொண்டே வெளியே போனான்.

வாயால் சொன்னதை இவர்கள் நம்பமாட்டார்கள். பத்திரிகையில் ஊதா மையில் வந்தால்தான் இவர்களுக்கு அது நடந்த விஷயம். மறுநாள் காலை லயனல் ஒரு தாளை எடுத்து, பெரிய பெரிய எழுத்தில் எழுதினான்: 'லோர்னா விக்ஸ் என்று யாரும் இல்லை. அவளை எழுதியவன் நான். லயனல் ஜாஸ்லோ.' தாளை ஜெல்லியில் கவிழ்த்து நன்றாக அழுத்தினான். எழுத்து இறங்கியது. தாளை உரித்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, பிரதி எடுக்க வெற்றுத் தாள்களை எண்ணி அடுக்கினான். இதற்குப் பிறகு ஜூலியஸ் தன் முகத்தில் விழிக்கவே மாட்டான் என்பது தெரியும். ஒரு வருஷமாக ஒரு பெண்ணிடம் கொட்டியதையெல்லாம் இந்தக் கழுதையல்லவா படித்திருக்கிறது?

"லயனல், யாரு வந்திருக்கா பாரு," என்று அம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

ஜூலியஸ் நின்றிருந்தான். தொப்பி கையில், அக்குளில் காகிதக் கட்டு. ஒன்றரை வருஷம் கடந்ததே தெரியாத மாதிரி அம்மா அவனை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள். "எளைச்சுப் போயிட்டியேடா. உங்க மாமா மருந்தைத்தான் போடுறாரா உனக்கு? உக்காரு, டீ போடுறேன்."

"இருக்கட்டும் மிஸஸ் ஜாஸ்லோ, சிரமப்படாதீங்க," என்றான் ஜூலியஸ். பிறகு லயனலைப் பார்க்காமல், "எங்க ஜெல்லி பூஞ்சை புடிச்சுப்போச்சு. இரங்கல் இதழ் இன்னிக்கே முடியணும். சாயங்காலம் பஸ்ல போறவங்க கையில கொடுத்தனுப்பணும். உன் தட்டு வேணும்," என்றான்.

"அதுக்குத்தான் வந்தியா?"

"அதுக்குத்தான்." தொப்பியை மேஜையில் வைத்துவிட்டு, "இன்னொண்ணும் இருக்கு," என்றான்.

லயனல் தட்டின் முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றான்.

"நேத்து எல்லார் முன்னாடியும் சொல்லப் புடிக்கலை," என்றான் ஜூலியஸ். "லோர்னா என்கிட்ட பேசினா."

"பேசினாளா?"

"போன்ல. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. மாமா கடைக்குப் போன் போட்டா. டுலூத்துலேருந்து." ஜூலியஸின் காது சிவந்துகொண்டே போனது. "ரொம்ப நேரம் பேசலை. உன்னைப் பத்தித்தான் பேசினா. அந்தப் பதிலையெல்லாம் அவ மனசுல வெச்சுக்கலையாம். நாம ரெண்டு பேரும் இப்படி இருக்குறதுதான் அவளுக்குக் கஷ்டமா இருக்காம். 'போய் அந்தக் கழுதையோட சமாதானமாயிடு'ன்னா. அதுதான் அவ கடைசியா சொன்னது. அதை எழுதிக் கொண்டுவந்திருக்கேன். இது அச்சுல வந்துட்டா ஆர்ச்சி வாய மூடிக்குவான்."

ஜூலியஸைத் தவிர, உலகத்தில் அந்த டெலிபோன் மணி அடிக்கவே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஆள் லயனல் ஒருவன்தான். பொய் சொல்லத் தெரியாத ஜூலியஸ், முகமெல்லாம் சிவந்து, செத்துப்போன பெண்ணின் வாயில் தன் வார்த்தையைத் திணித்துக்கொண்டு நின்றான். முதலில் வருவதற்கு அவனுக்கு இதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆனாலும் வந்துவிட்டான்.

லயனலின் கண் கலங்கிவிட்டது. இவனிடம் போய் அந்தத் தாளை எப்படிக் கொடுப்பது? திரும்பி, கையில் கிடைத்த ஈரத்துணியை எடுத்து ஜெல்லியைத் துடைத்தான். அழுத்தித் துடைத்தான்.

"என்னடா பண்றே?"

"பழைய மை. ஒண்ணுமில்லை." துணியைப் பிழிந்தான். "நாளைக்கு எடுப்போம்டா. ஒரு நாள் ஊறட்டும்."

"நாளைக்கா? பஸ்ஸு அஞ்சு மணிக்குக் கிளம்புதுடா."

"இல்லைடா, சரியா வராது. உனக்குத்தான் தெரியுமே. நாற்காலி."

நாற்காலி என்றதும் ஜூலியஸுக்கு, கோபம் வரவேண்டிய இடத்தில், சிரிப்பு வந்துவிட்டது. "நாற்காலி வந்தா வரட்டும்டா," என்று தன் தாளை எடுத்து ஜெல்லிமேல் கவிழ்த்துவிட்டான். லயனல் கை நீட்டுவதற்குள் உள்ளங்கையால் ஒரு முறை தேய்த்தும்விட்டான். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் காரணமும் சொல்ல வேண்டும்.

அம்மா டீயை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். ஜூலியஸ் முதல் வெற்றுத் தாளை வைத்து, தடவி, மூலையைப் பிடித்து உரித்தான். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

அவன் கையெழுத்து பளிச்சென்று விழுந்திருந்தது: 'இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் லோர்னா என்னோடு டெலிபோனில் பேசினாள்.' அந்த வரிகளுக்குப் பின்னால், வெளிறின ஊதாவில், இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், லோர்னா விக்ஸ் என்று யாரும் இல்லை என்று இருந்தது. அடியில் லயனலின் பெயர்.

ஜூலியஸ் அதைப் படித்தான். தாளைச் சாய்த்து மறுபடி படித்தான். நாற்காலியைத் தேடிப் பின்னால் கை நீட்டி, கிடைத்ததும் உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லாக் கடுதாசியும் நீதானா?"

"ஆமா."

"நான் எழுதினது எல்லாத்தையும்..."

"படிச்சேன்."

"இருமலைப் பத்திக் கேட்டது?"

"அதையும்தான்."

டீ ஆறியது. ஜூலியஸ் ஒரு பெண்ணை இழந்து நேற்று அழுதவன். இன்று அவளை இழக்கக்கூட இல்லை என்று ஆகிவிட்டது. இதில் எது பெரிய துக்கம் என்று லயனலுக்குத் தெரியவில்லை. என்ன சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவனுக்கு வந்த ஒரே வார்த்தையைச் சொன்னான்.

"மன்னிச்சுக்கடா. நாற்காலிக்கும் சேத்து."

ஜூலியஸ் தாளைக் கையில் பிடித்தபடியே இருந்தான். தன் பொய்யும் அவன் நிஜமும் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் யாரைக் கோபிப்பது? எழுந்து போய்விடுவான் என்று லயனல் நினைத்தான். ஜூலியஸ் எழுந்தான், அடுத்த வெற்றுத் தாளை எடுத்து ஜெல்லிமேல் வைத்தான்.

"பின்னால இருக்குறதைப் படிக்க முடியுதா?" என்று கேட்டான்.

"கஷ்டப்பட்டாப் படிக்கலாம்."

"அப்பப் பரவாயில்லை. நம்மாளுங்க என்னிக்குக் கஷ்டப்பட்டுப் படிச்சாங்க?"

தாளை உரித்து லயனலிடம் நீட்டினான். லயனல் வாங்கி மேஜையில் காயவைத்தான். அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. பத்திருபது தாள் ஆனபின் ஜூலியஸ் ஒரு தாளின் நடுவில் ஊதா விரலை வைத்தான்.

"அவ குரல் எப்படின்னு இங்க ஒரு வரி எழுதியிருக்கேன். கொஞ்சம் கரகரப்பா, நடுநடுவுல இருமிக்கிட்டே பேசினான்னு." லயனலை முதல் தடவையாக நேராகப் பார்த்தான். "தப்பா?"

லயனல் பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.